லைனிங்கம்மா தைத்த குளியலறைத் திரை

திரைச்சீலைக் கடையின் பின்கட்டில் அவளை எல்லோரும் லைனிங்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளம் கொடுக்கிற முதலாளிக்குக்கூட அவளுடைய சொந்தப் பெயர் சட்டென்று நினைவுக்கு வராது. ஜன்னல் திரையின் முன்துணி, பூப்போட்டதோ கோடு போட்டதோ பட்டு மாதிரி மின்னுவதோ, அது கட்டிங் மாஸ்டரின் ராஜ்ஜியம். அதன் முதுகில் லைனிங் என்று ஒரு வெள்ளைத்துணி இருக்கும். வெயில் அதன்மேல்தான் விழும். முன்துணி சாயம் போகாமல் இருப்பதே அதன் தயவில்தான். அந்த வெள்ளைத்துணியை அளந்து வெட்டி, சுருக்கம் விழாமல் முன்துணியோடு சேர்த்துத் தைப்பது அவள் வேலை. வாங்க வருகிறவர்கள் முன்துணியைத் தடவிப் பார்த்து ஆகா ஓகோ என்பார்கள். புரட்டிப் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. அதில் அவளுக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் உண்டு. அந்த வருத்தத்தைவிடக் கர்வம் ஒரு படி அதிகம். அவள் தைத்த லைனிங் தொங்கிப்போய்க் கடைக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

அந்தக் கர்வம்தான் கடைசியில் அவள் கையை உடைத்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் அவள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். கண்டக்டர் இல்லாத பஸ். ஓட்டுவதும் அவர்தான், அடுத்த நிறுத்தம் எது என்று மைக்கில் சொல்வதும் அவர்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே வழித்தடம். டெப்போ, மார்க்கெட், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நூலகம், பாலம், ரயில் நிலையம். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வார். ஒரு நாள் காலை, நூலகம் நிறுத்தத்தை நெருங்கும்போது இடது கை ஸ்டியரிங்கிலிருந்து தானாக நழுவி மடியில் விழுந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அந்த நிலையிலும் வலது கையை மட்டும் வைத்து வண்டியை ஓரம் கட்டி, பிரேக் போட்டு, கதவையும் திறந்துவிட்டார். பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

அதற்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். முன்சீட்டில் இருந்த ஒரு பெண், "காலங்காத்தாலயே குடிச்சிட்டு வந்திருக்கான் பாரு" என்று சத்தம் போட்டாள். கூட்டம் கூடிவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை அத்தனை பேரும் சுற்றி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கால்சட்டை நனைந்திருந்தது. அதையும் பார்த்தார்கள். பக்கவாதம் என்று தெரிந்தபோது பாதிப் பேர் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போயிருந்தார்கள்.

உயிர் பிழைத்தார். பேச்சு முக்கால்வாசி திரும்பியது. இடது கால் இழுத்து இழுத்து நடந்தது, இடது கை ஒப்புக்கு இருந்தது. ஆனால் யாராவது தன்னைப் பார்க்கிறார்கள் என்று பட்டுவிட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். சாப்பிடும்போது எதிரில் உட்காரக் கூடாது. சட்டை மாட்டும்போது அறைக்குள் வரக் கூடாது. கட்டிய மனைவியாக இருந்தாலும் அதே சட்டம்தான்.

அவர்கள் குடியிருந்த வீட்டில் குளிக்க ஒரு தொட்டி உண்டு. முழங்கால் உயரத்துக்கும் குறைவு. அதை ஒட்டி ஒரு கண்ணாடிக் கதவு இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒரு நாள் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளித்தவர் அந்தக் கண்ணாடியின்மேல் சாய்ந்து விழுந்தார். கண்ணாடி விரிசல் விட்டது, நல்லகாலம், உடையவில்லை. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகன் விழுந்தடித்துக்கொண்டு வந்தான். ஆளைக் கூட்டி வந்து கண்ணாடியைக் கழற்றினான், சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தான், தொட்டிக்குள் ஒரு முக்காலி வாங்கிப் போட்டான். எல்லாம் முடிந்த பிறகு சமையலறையில் நின்றுகொண்டு அம்மாவிடம் சொன்னான்.

"இனிமே கதவச் சாத்தக் கூடாது. யாராவது பக்கத்துல இருக்கணும். இந்த வீட்டுல இன்னொரு தடவ விழுந்தா ஹோம்தாம்மா. நல்ல இடமாப் பார்த்து வச்சிருக்கேன்."

"ஹோம்னா?"

"பார்த்துக்க ஆள் இருக்கற இடம். உன்னால தூக்க முடியுமா, சொல்லு."

முடியாது. அது அவளுக்கும் தெரியும். மகன் பேச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. டிரைவர் ஒன்றும் தேன் ஒழுகப் பேசுகிறவர் இல்லை. வாழ்நாளில் அவளை ஒரு வார்த்தை பாராட்டியதாக அவளுக்கு நினைவில்லை. ஆனாலும் அந்தத் தொணதொணப்பு இல்லாத வீட்டுக்குள் வேலை முடிந்து வந்து எப்படி விளக்கைப் போடுவது என்று அவளுக்குத் தோன்றியது.

டிரைவரோ குளிப்பதையே நிறுத்திவிட்டார். கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு குளிக்க நான் என்ன பொருட்காட்சியா என்றார். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார். ஒரு வாரம் போனது. பக்கத்தில் போனால் மூக்கு சொன்னது.

அப்போதுதான் அவளுக்கு யோசனை வந்தது. கதவு திறந்திருக்கட்டும், நடுவில் ஒரு திரை தொங்கட்டும். பிளாஸ்டிக் திரை ஒன்று வாங்கி மாட்டினால் ஆயிற்று என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். ஊருக்கெல்லாம் திரை தைத்துக் கொடுக்கிறவள் தன் வீட்டுக்குக் கடையில் வாங்குவாளா? வெள்ளையில் பச்சை இலை போட்ட கனத்த பருத்தித் துணி ஒன்று பின்கட்டில் மிச்சம் கிடந்தது. மாஸ்டரிடம் கேட்டாள்.

"எடுத்துக்கோங்க," என்றார் மாஸ்டர். "எந்த ஜன்னலுக்கு?"

"ஜன்னலுக்கு இல்ல. குளிக்கற தொட்டிக்கு."

"அப்ப உள்ள ஒரு பிளாஸ்டிக் ஷீட் போட்டாகணுமே."

"லைனிங் போடறதப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறீங்களா மாஸ்டர்?"

"அதுக்கில்ல, அந்த லைனிங் வந்து..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அவள் துணியைச் சுருட்டிக்கொண்டு மிஷினுக்குப் போய்விட்டாள். மாஸ்டரும், நமக்கென்ன வந்தது, என்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார்.

அவள் தைத்தாள். கையில் இருந்த தொழில் முழுவதையும் அதில் காட்டினாள். இலைத்துணிக்குப் பின்னால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட்டை வைத்து, ஜன்னல் திரைக்குத் தைக்கிற அதே மாதிரி இரண்டு பக்கமும் அடியும் சேர்த்து, ஒரு சுருக்கம் இல்லாமல் தைத்து முடித்தாள். மேல் விளிம்பில் ஓட்டை போட்டு வளையம் கோத்தாள். வீட்டில் தொட்டிக்கு மேலே குறுக்கே போட்ட கம்பியில் மாட்டி இழுத்துப் பார்த்தபோது இலைகள் வரிசையாக விரிந்தன. டிரைவர் வாசலில் சாய்ந்து நின்று மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ம்," என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

அன்றைக்கே குளித்தார். கதவு திறந்திருந்தது, திரை மூடியிருந்தது. அவள் குளியலறை வாசலுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே அவர் சௌகரியமாக இருக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நொடிக்கு ஒரு தரம் "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டால் எரிந்து விழுவார். அதற்கும் ஒரு வழி தானாகவே பிறந்தது. முக்காலியில் உட்கார்ந்ததும் அவர் மைக் குரலில், "டெப்போ" என்றார். தலையில் தண்ணீர் விழுந்ததும், "மார்க்கெட்." சோப்பை எடுத்ததும், "ஆஸ்பத்திரி." முதுகுக்கு நீளக் கைப்பிடி பிரஷ், "பள்ளிக்கூடம்." நுரை போகக் கழுவும்போது, "பாலம்." தண்ணீரை நிறுத்தி, "ரயில் நிலையம், கடைசி ஸ்டாப்" என்றால் துண்டை நீட்ட வேண்டும். நிறுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறவரை ஆள் பத்திரம் என்று கணக்கு. கை நழுவி விழுந்த அந்த நூலகத்தை மட்டும் அவர் தாண்டிப் போனார். அவள் முதல் நாளே கவனித்துவிட்டாள், கேட்கவில்லை.

இங்கேதான் கோளாறு. ஜன்னல் திரையும் லைனிங்கும் ஒட்டிப் பிறந்ததுபோல் சேர்ந்தே இருக்கலாம், வெயில் தரையில் வழியாது. தண்ணீர் வழியும். குளிக்கிற இடத்தில் பிளாஸ்டிக் தொட்டிக்கு உள்ளே தொங்க வேண்டும், அலங்காரத் துணி தொட்டிக்கு வெளியே தொங்க வேண்டும். இவளோ இரண்டையும் பிரிக்க முடியாமல் தைத்து வைத்திருந்தாள். இரண்டையும் உள்ளே விட்டால் ஆசையாகத் தைத்த துணி நனைந்து ஊறும். மனசு கேட்கவில்லை. இரண்டையும் வெளியே விட்டாள். பிளாஸ்டிக்கில் பட்ட தண்ணீர் சத்தம் போடாமல் வழிந்து நேராகத் தரைக்கு வந்தது. போதாக்குறைக்குத் தையல் போன வழியெல்லாம் ஊசி ஓட்டை. அதன் வழியாக ஈரம் இரண்டுக்கும் நடுவில் இறங்கி அங்கேயே தங்கிக்கொண்டது. கொஞ்ச நாளில் கீழ்வரிசை இலைகளில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. பூஞ்சை வாசம் வந்தது.

அவளுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. முதல் நாளே பாதம் நனைந்தபோது தெரிந்துவிட்டது. ஆனால் லைனிங்கம்மா தைத்த லைனிங் தப்பு என்று யாரிடம் போய்ச் சொல்வது? 'ரயில் நிலையம்' வருவதற்குள் பழைய துண்டுகளைத் தரையில் போட்டுக் காலாலேயே துடைத்து, துண்டுகளை வாஷிங் மிஷினுக்குள் திணித்துவிடுவாள். அவர் வெளியே வரும்போது தரை காய்ந்திருக்கும். இப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள். பிரித்துத் தைத்தால் ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்துக்கு வணங்காத கழுத்து அவளுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். டெப்போ வந்தது, மார்க்கெட் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது. "பள்ளிக்கூடம்." அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள். பாலம் வரவில்லை.

"என்னங்க?"

பதில் இல்லை. துண்டு போடாத ஈரத்தரை என்ற நினைப்பே இல்லாமல் எழுந்து பாய்ந்தாள். இரண்டாவது அடியில் கால் வழுக்கியது. வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் ஏதோ முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது.

"என்ன சத்தம்?" என்றார் அவர் உள்ளிருந்து. குரல் நன்றாகத்தான் இருந்தது.

"ஒண்ணுமில்ல. கை. கை போச்சுங்க. நீங்க வராதீங்க, தரையெல்லாம் தண்ணி."

திரை அசைந்தது. அவர் வலது கையால் அதன் நடுவில் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். வளையங்கள் படபடவென்று தெறித்தன. இலைத்துணியும் பிளாஸ்டிக்கும் மொத்தமாகத் தரையில் விழுந்தன. சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு காலை இந்தப் பக்கம் போட்டு, செத்துப்போன காலைக் கையால் தூக்கி இந்தப் பக்கம் போட்டு, விழுந்து கிடந்த திரையின்மேல் கால் ஊன்றி வெளியே வந்தார். அவள் வலியோடு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்காதே என்று அவர் சொல்லவில்லை.

"போன் எங்க?"

"கடையிலயே விட்டுட்டேன் நேத்து. உங்களது?"

அவருடையது சார்ஜ் இல்லாமல் எங்கோ கிடந்தது. அவர் துண்டை எடுத்து இடுப்பில் ஒரு கையால் சுற்றிச் செருகினார். சுவரைப் பிடித்துப் பிடித்து ஹாலைக் கடந்து வாசல் கதவைத் திறந்தார். அந்த மாடியின் நீள நடைவழியில், மேலெல்லாம் சோப்பு நுரையும் கோணல் வாயுமாக நின்று, பஸ் முழுக்கக் கேட்கிற குரலில், "யாராவது வாங்க, என் பொண்டாட்டி விழுந்துட்டா," என்று கூப்பிட்டார். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லோரும் பார்த்தார்கள். அவர் திரும்பிப் போய் ஒளிந்துகொள்ளவில்லை. ஆம்புலன்ஸ் வந்து அவளைத் தூக்கிப் போகும்வரை அதே துண்டோடு அங்கேயே நின்று, வழி விடுங்கள், தரை ஈரம், என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாலையில் மகன் வந்தான். அம்மா வலது கையில் மாவுக்கட்டோடு சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன், இன்னொரு தடவ விழுந்தா ஹோம்னு," என்றான்.

"விழுந்தது அவ," என்றார் டிரைவர். "அவளக் கூட்டிட்டுப் போ."

"விளையாட்டு இல்லப்பா இது. அம்மாவுக்கே ஒரு கைதான் இப்ப. உங்கள யாரு பார்த்துப்பா? கை சேர்ற வரைக்குமாவது இருங்க. காலைல கிளம்பலாம்."

கை சேருகிற வரைக்கும் என்று போனவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று அவள் கேட்க நினைத்தாள். மகன் அப்பாவின் சட்டைகளை ஒரு பையில் அடுக்க ஆரம்பித்தான். டிரைவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், குளியலறைத் தரையில் கிடந்த திரையைக் காலால் தள்ளித் தள்ளி ஹாலுக்குக் கொண்டுவந்தார்.

"தையலப் பிரிக்கற கத்தி எங்க வச்சிருக்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு?"

"பிளாஸ்டிக் தனியா, துணி தனியா இருக்கணும். பிளாஸ்டிக் தொட்டிக்குள்ள போகணும். அப்பதான் தண்ணி வெளிய வராது."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. உள்ள உக்காந்திருக்கறவன் நான்தான? தண்ணி எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ துண்டப் போட்டுத் துடைக்கற சத்தம் கேட்டுச்சு. சரி, உனக்கும் தெரியுது, சொல்ல மனசில்லன்னு விட்டுட்டேன்." திரையைக் காலால் விரித்தார். "சொல்லியிருக்கணும்."

அவளுக்குக் கண் கலங்கியது. வெட்கம் பாதி, வேறு ஏதோ பாதி. கத்தி தையல் டப்பாவில் இருக்கிறது என்றாள். இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். அவருக்கு வலது கை, அவளுக்கு இடது கை. அவள் துணியை இழுத்துப் பிடிக்க, அவர் கத்தியை விட்டார். அவர் பிடிக்க அவள் நூலை உருவினாள். உறுதியாகத் தைத்த தையல், லேசில் விடவில்லை. "இவ்வளவு கெட்டியா யாரு தைக்கச் சொன்னா?" என்று அவர் முணுமுணுத்தார். "தொழில் தெரிஞ்சவ அப்படித்தான் தைப்பா," என்றாள் அவள்.

மகன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு கடைக்குப் போய், அடியில் காந்தம் வைத்த, தொட்டிக்குள் தொங்கவிடுகிற புது பிளாஸ்டிக் லைனர் ஒன்று வாங்கி வந்தான், பழையது ஊசி ஓட்டையாகக் கிடந்ததால். அட்டையில் ஒரு படம் இருந்தது. பிளாஸ்டிக் உள்ளே, துணி வெளியே. அவள் அந்தப் படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். இலைத்துணியைத் துவைத்துக் காயப்போட்டார்கள். புள்ளிகள் முழுக்கப் போகவில்லை. கிழிந்த ஓட்டைகளுக்குப் பக்கத்தில் புது ஓட்டை போட்டு, ஒவ்வொரு வளையத்திலும் இரண்டையும் சேர்த்து மாட்டினான் மகன். லைனரைத் தொட்டிக்குள்ளே விட்டான், துணியை வெளியே விட்டான். லைனர் ஈரத்தில் தொட்டியோடு பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலை ஹாலில் பை தயாராக இருந்தது. அவள் ஆஸ்பத்திரி வாசம் போகக் குளிக்க வேண்டும் என்றாள். டிரைவர் அவள் மாவுக்கட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார். அவள் உள்ளே போனாள். அவர் வாசலுக்கு வெளியே அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கதவச் சாத்தட்டுமா?" என்றாள் உள்ளிருந்து.

"சாத்தக் கூடாது. ஸ்டாப்பச் சொல்லு."

"எனக்கு வெக்கமா இருக்குங்க."

"எனக்கும்தான் இருந்துச்சு. சொல்லு."

"டெப்போ," என்றாள். தண்ணீர் விழுந்தது. "மார்க்கெட்." ஒரு கையால் சோப்பு வழுக்கி இரண்டு முறை விழுந்தது. "ஆஸ்பத்திரி. பள்ளிக்கூடம்." அவர் எப்போதும் சொல்கிற மாதிரியே தொடர்ந்தாள். "பாலம்."

"நில்லு. ஒண்ண விட்டுட்ட."

ஹாலில் மகன் கார்ச் சாவியை எடுத்தவன் அப்படியே நின்றான்.

"நேத்து அதத்தான் யோசிச்சிட்டிருந்தேன்," என்றார் டிரைவர். "பள்ளிக்கூடம் சொன்னப்புறம், இன்னிக்கு அந்தப் பேரச் சொல்லிடலாமான்னு நினைச்சேன். வாய் வரைக்கும் வந்துச்சு, நீ கூப்பிட்டது காதுலயே விழல. அதுக்குள்ள நீ விழுந்துட்ட."

உள்ளே அவள் அழுதாளா என்று தெரியாது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"நூலகம்," என்றாள்.

"நூலகம்," என்றார் அவரும், மைக் குரலில். "எறங்கறவங்க எறங்கலாம். ம், இப்ப பாலம்."

மகன் சாவியை மேசைமேல் வைத்தான். பையைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போய், அலமாரியைத் திறந்து, சட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினான்.

"ரயில் நிலையம், கடைசி ஸ்டாப்," என்றாள் அவள். டிரைவர் எழுந்து, திரையை ஓரமாகக் கொஞ்சம் விலக்கி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு துண்டை நீட்டினார். பிறகு குனிந்து, நல்ல கையால் தரையைத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.